நல்ல ஆஸ்பத்திரி எது? அபிராமபுரத்திலிருந்து ஒரு சுற்று

அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஓர் ஆஸ்பத்திரியோ, நர்சிங் ஹோமோ, ரத்தம் எடுத்துப் பார்க்கிற இடமோ வந்துவிடும். மேற்கே டி.டி.கே. சாலை, பெரியவர்களுக்கு இன்னும் அது மௌப்ரேஸ் ரோடுதான். கிழக்கே மந்தைவெளி, வடக்கே ஆழ்வார்பேட்டையும் லஸ்ஸும், தெற்கே ராஜா அண்ணாமலைபுரம். காய்கறி வாங்க செயின்ட் மேரீஸ் சாலைப் பக்கம் போனால் வழியில் எத்தனை மருந்துக் கடை என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

அதனால் வெளியூர் உறவுக்காரர்களில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் போன் வரும். "உனக்கென்ன, ஆஸ்பத்திரிகளுக்கு நடுவில குடியிருக்கே. நல்ல ஆஸ்பத்திரியா ஒண்ணு சொல்லேன்" என்பார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிடுவேன். லிஃப்ட் இருக்கிறதா, ஏ.சி. இருக்கிறதா, தரை பளபளவென்று இருக்கிறதா, ஸ்கேன் எல்லாம் ஒரே கட்டடத்தில் முடிந்துவிடுமா – இவ்வளவுதான் என் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது என் மாமியார் விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது.

ஏகாதசியன்று நடந்தது

அம்மாவுக்கு (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) 76 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. எங்கள் தெருமுனை டாக்டர்தான் பார்த்துக்கொள்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீர்க்கடுப்பும் குளிர் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார். அன்று தெருமுனை டாக்டர் ஊரில் இல்லை. நகரத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நான்கு நாள் இருந்தோம். குறை சொல்ல முடியாது. அறை சுத்தம், சாப்பாடு நேரத்துக்கு வந்தது, காய்ச்சலும் இறங்கிவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் இளம் பெண் ஃபைலையும் மருந்துப் பையையும் என் கையில் கொடுத்து, இங்கிலீஷும் தமிழுமாக மளமளவென்று ஏதோ சொன்னாள். எனக்குப் பின்னால் வரிசையில் இன்னும் நாலு பேர். பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. திருப்பிக் கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்று நினைத்துவிடுவாளோ என்று கூச்சம். "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஏகாதசி. அம்மாவுக்குக் காலையில் ஒரு டம்ளர் பாலோடு சரி. மத்தியானத்துக்கு மேல்தான் கொஞ்சம் பலகாரம். சாப்பாடு இல்லையே என்று யோசிக்காமல், மாத்திரைகளை மட்டும் நான் நேரம் தவறாமல் கொடுத்துவிட்டேன். பதினொரு மணி சுமாருக்கு, ஹாலில் உட்கார்ந்து விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிக்கொண்டிருந்தவரின் குரல் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால், வேர்த்துக் கொட்டிப் புடவையெல்லாம் நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. "என்னம்மா பண்றது?" என்று கேட்டால் வாய் குழறுகிறது. என்னை யாரோ மூன்றாம் மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பக்கவாதமோ என்று நினைத்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தெருமுனை டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "முழுங்க முடியறதா பாருங்கோ" என்பதுதான். "முடியறது" என்றேன். "மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்கோ. குடுத்துட்டு உடனே ஆட்டோ பிடிச்சு அழைச்சுண்டு வாங்கோ" என்றார். சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரையா என்று ஒரு நொடி தயங்கினேன். நல்லவேளை, கொடுத்துவிட்டேன்.

கிளினிக்கில் விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது 48. 70-க்குக் கீழே போனாலே அபாயம் என்றார் டாக்டர். குளுகோஸ் ஏற்றிய பிறகு அம்மாவின் முகம் தெளிந்தது. "இன்னிக்கு என்ன, ஏகாதசின்னு காபிகூடக் குடுக்கலையே நீ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அந்த மருந்தின் வேகம் சட்டென்று அடங்காது, சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்று, பக்கத்து நர்சிங் ஹோமில் ஒரு ராத்திரி வைத்திருந்து பார்த்துத்தான் அனுப்பினார்கள்.

மறுநாள் டாக்டர், "வீட்டில இருக்கிற மாத்திரை அட்டை அத்தனையும் எடுத்துண்டு வாங்கோ" என்றார். மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் மேஜையில் கொட்டினேன். இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்துத் திருப்பிக் காட்டினார். ஒன்று அவரே எழுதிக் கொடுத்திருந்த பழைய மாத்திரை. அதில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்திருக்கிறது. மற்றது ஆஸ்பத்திரியில் புதிதாகக் கொடுத்தது, அதிலும் கிளிமெபிரைடு. கம்பெனி வேறு, பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்று. பழையதை நிறுத்தவேண்டும் என்று தெரியாமல் மூன்று நாளும் இரண்டையும் கொடுத்திருக்கிறேன்.

"பழசை நிறுத்தணும்னு அங்கே யாரும் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாளோ என்னவோ, எனக்குப் புரியலை டாக்டர்."

"புரியலைன்னு கேட்டேளா?"

நான் பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர் யாரைப் பார்த்தாலும், "உங்களுக்கு அங்கே எது நன்னா இருந்தது? நல்ல வைத்தியம்னா என்ன?" என்று கேட்பேன். துணைக்குக் கூப்பிட்டால் கூடவும் போவேன்.

திரு.வி.க. பாலம் தாண்டி

முதலில் எதிர் வீட்டு மாமியோடு அடையாறு போனேன். மாமிக்குப் பல வருஷம் முன்பு மார்பில் கட்டி வந்து, அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் சிகிச்சை ஆகிப் பூரணமாகக் குணமானவர். வருஷத்துக்கு ஒரு முறை போய்க் காட்டிவிட்டு வருவார். மந்தைவெளியில் பஸ் ஏறினால் ஆந்திர மகிளா சபா தாண்டி, திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடலாம். ஆந்திர மகிளா சபையை 1937-ல் தொடங்கியவர் துர்காபாய் தேஷ்முக். பெண்கள் தொடங்கி வளர்த்த ஸ்தாபனங்கள் இந்த ஒரு வழியிலேயே எத்தனை என்று மாமி சொல்லிக்கொண்டு வந்தார்.

கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் அப்படித்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துக்கத்தை மனசிலேயே வைத்துக்கொண்டிருந்து, முப்பது வருஷத்துக்குப் பிறகு, இந்திய மாதர் சங்கத்தின் மூலமாக இந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கினார். 1954-ல் தொடங்கியபோது 12 படுக்கைகள்தான். அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதைப் பெரிதாக வளர்த்தார்கள். நம் மயிலாப்பூரில் வளர்ந்த டாக்டர் சாந்தா, 2021 ஜனவரியில் காலமாகும்வரை அந்த வளாகமே வீடாக வாழ்ந்தவர். 2005-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

காத்திருக்கும் இடத்தில் ஆந்திராவிலிருந்து வந்தவர்கள், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள், பட்டுப் புடவைக்காரர், கிழிந்த துண்டுக்காரர் எல்லாரும் ஒரே பெஞ்சில். மாமியிடம் என் கேள்வியைக் கேட்டேன். மாமி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு என்ன வியாதின்னு வீட்டில அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. 'சாதாரணக் கட்டிதாம்மா'ன்னு பிள்ளை சொல்றான். ஆனா சமையல் உள்ளில போய் அழறான். எனக்குக் கேக்காதா? இங்கே வந்தப்புறம் டாக்டரம்மா எல்லாரையும் விட்டுட்டு என் முகத்தைப் பார்த்து, 'மாமி, உங்களுக்கு இது இருக்கு. ஆரம்பத்திலேயே வந்துட்டேள். இன்னின்ன செய்யப் போறோம், முடி கொட்டும், திரும்ப முளைக்கும்'னு சொன்னா. அன்னிக்கு ராத்திரிதான் நான் தூங்கினேன். பேர் தெரிஞ்சா பாதி பயம் போயிடும்டி."

நோயாளியின் உடம்பைப் பற்றி நோயாளியிடம் சொல்வது. கேட்கிறபோது எவ்வளவு சாதாரணம்! நம் வீடுகளில் எத்தனை பேர் 'அவருக்குத் தெரியவேண்டாம்' என்று டாக்டரிடம் கண் ஜாடை காட்டுகிறோம் என்று நினைத்துப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது மாமி மத்திய கைலாஷ் பக்கம் கை காட்டி, "அந்தண்டை தரமணியில வி.எச்.எஸ். இருக்கே, அது எங்க டாக்டர் சஞ்சீவி ஆரம்பிச்சது" என்றார். மருத்துவப் பேராசிரியராக இருந்த டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கியது அந்த ஸ்தாபனம். உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்பம் தன் வரும்படிக்குத் தக்கபடி சந்தா கட்டிவிட வேண்டும். வசதி உள்ளவர் கூட, இல்லாதவர் குறைய. படுத்தபின் கை ஏந்தி நிற்கவேண்டாம் என்பது அவருடைய யோசனை. இப்போது எல்லாரும் பேசுகிற ஹெல்த் இன்ஷ்யூரன்சை அவர் அப்போதே நம்மைப் போன்ற குடும்பங்களுக்காக யோசித்துவிட்டார்.

எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகியிருந்தது. "அதாம்மா வேணும்" என்றார். "டாக்டரு கெட்டிக்காரரா, இல்லையான்னு எனக்கு என்ன தெரியும்? எவ்வளவு ஆகும், எத்தினி நாள் வண்டி தள்ளக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிட்டா நான் ஏற்பாடு பண்ணிக்குவேன். நடுவுல நடுவுல 'இன்னும் இவ்ளோ கட்டு'ன்னா, வலியவிட அதாம்மா வலி."

பறக்கும் ரயிலில் சேப்பாக்கம்

அடுத்த பயணம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணியோடு. அவர் மகளுக்குத் திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருந்தது. மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் திருமயிலை, முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, அடுத்து சேப்பாக்கம். ஒரு பக்கம் மொட்டை மாடிகளில் வடாம் காய்வதும், இன்னொரு பக்கம் சமுத்திரமும் மாறி மாறித் தெரியும். கையில் பத்தியச் சாப்பாட்டுத் தூக்கோடு அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

பழைய ஆட்கள் அதைக் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள். அந்தப் பெயரில் ஒரு கதை இருக்கிறது. கணவரோடு சென்னைக்கு வந்த மேரி ஷார்லீப் என்ற இங்கிலீஷ்காரப் பெண்மணி, ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்ட மாட்டோம் என்று நம் பெண்கள் பிரசவத்தில் வைத்தியமே இல்லாமல் சாவதைக் கேள்விப்பட்டு, 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரானார். மேலே லண்டனில் படித்துத் திரும்பி வந்து, கோஷாப் பெண்களுக்கும் மற்ற குடும்பப் பெண்களுக்கும் என்றே 1885-ல் இந்த ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே. மருந்து இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள், பெரிய ஆஸ்பத்திரியும் இருந்தது. ஆனாலும் நம் பாட்டிமார்கள் போகவில்லை. 'இது எனக்கு நல்ல வைத்தியம் இல்லை, என் மானத்துக்கு இங்கே இடமில்லை' என்று வாயால் சொல்லாமல் காலால் சொன்னார்கள். அதைப் பிடிவாதம் என்று தள்ளாமல் ஒருத்தி காது கொடுத்துக் கேட்டதால் எழுந்த கட்டடம் அது. 1907-ல் அதே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த முத்துலட்சுமி, 1912-ல் டாக்டராக வெளியே வந்தார்.

குழந்தை கறுகறுவென்று தலை நிறைய முடியோடு தூங்கிக்கொண்டிருந்தது. பெண்ணிடம் என் கேள்வியைக் கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அம்மாவ உள்ளாற வுட்டாங்கக்கா. வலி எடுக்கறப்ப கையப் புடிச்சிக்கிட்டே இருந்துச்சு. நர்சம்மா 'எழுந்து கொஞ்சம் நட, இடுப்ப நீவி வுடு'ன்னு அம்மாகிட்ட சொல்லிக் குடுத்தாங்க. பயமே இல்ல" என்றாள்.

பக்கத்தில் நின்ற அவள் அம்மா உடனே, "என்னோட மொத பிரசவத்துல யாரையும் வுடலம்மா. ஊர்ல வேற எடம் அது. கத்துனா திட்டுவாங்க. ராத்திரி பூரா தனியாவே கெடந்தேன். புள்ள பொறந்தது நெனப்பு இல்ல, அந்தத் திட்டுதான் இன்னும் நெனப்பு இருக்கு" என்றார். இருபத்தைந்து வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

பிரசவ அறையில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. பிரசவிக்கும் பெண் விரும்பும் ஒருவர் அவள் கூட இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018-ல் சொல்லியிருக்கிறது. கர்ப்பமாக இருக்கும் சகோதரிகள், எங்கே பிரசவம் என்று தீர்மானிக்கும்போதே, 'என் கூட யாரை விடுவீர்கள்?' என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நிமிஷக் கணக்கு

இத்தனையும் கேட்டபின் தெருமுனை டாக்டரிடம் போய், "யாருமே பெரிய மெஷின் வேணும்னு சொல்லலை டாக்டர். காது கொடுத்துக் கேக்கணும், புரியும்படி சொல்லணும், கூட ஆள் இருக்கணும், மரியாதையா நடத்தணும், செலவை முன்னாடியே சொல்லணும்னுதான் சொல்றா" என்றேன்.

அவர் சிரித்தார். "மெஷினும் வேணும். சுத்தம் வேணும், சரியான மருந்து வேணும். அதெல்லாம் இருக்கும்னு நம்பித்தானே உள்ளே வரேள்? இருக்கா இல்லையான்னு உங்களால சோதிக்க முடியாது. உங்களால பார்க்க முடிஞ்சது இது ஒண்ணுதான். அதைச் சொல்றேள். அது தப்பில்லை. ஆனா எங்க பக்கமும் பாருங்கோ" என்று ஒரு கணக்குச் சொன்னார்.

67 நாடுகளில், முதலில் போய்க் காட்டும் டாக்டர் ஒரு நோயாளிக்கு எத்தனை நேரம் ஒதுக்க முடிகிறது என்ற விவரங்களைச் சேர்த்து 2017-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஸ்வீடனில் 22 நிமிஷத்துக்கும் மேல். பங்களாதேஷில் ஒரு நிமிஷம்கூட இல்லை, 48 விநாடி. நம் நாட்டில் சுமார் இரண்டு நிமிஷம். வெளியே ஐம்பது பேர் காத்திருக்கும்போது பாவம், டாக்டர்தான் என்ன செய்வார்? நாமும் ஊசி போட்டால்தான் வைத்தியம் என்று நினைக்கிறோம். பேசி அனுப்பினால் 'ஒண்ணுமே செய்யலையே, எதுக்கு ஃபீஸ்?' என்கிறோம்.

அந்த இரண்டு நிமிஷத்தை வீணாக்காமல் இருப்பது நம் கையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. திருவள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில், வைத்தியத்துக்கு நாலு பேர் சேரவேண்டும் என்கிற மாதிரி சொல்கிறார். முதலில் நோயாளி, அடுத்து வைத்தியர், பிறகு மருந்து, கடைசியில் கூட இருந்து அதைக் கொடுப்பவர். அந்த நாலாவது ஆள் வேறு யாருமில்லை, பெரும்பாலும் நாம்தான்.

நான் கற்றுக்கொண்டவை

1. எந்த டாக்டரிடம் போனாலும் வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சேர்த்துத்தான். புது மருந்து கொடுத்தால், "பழசில் எதை நிறுத்தணும்?" என்று கேளுங்கள்.

2. அட்டையில் கம்பெனிப் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் போட்டிருக்கும். இரண்டு அட்டையில் ஒரே மருந்துப் பெயர் இருந்தால், விழுங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பெயரைத் தெளிவாகப் படிக்கும்படி எழுதவேண்டும் என்று டாக்டர்களுக்கு 2016-லேயே விதி வந்துவிட்டது. எழுத்து புரியவில்லை என்று சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

3. வீட்டுக்கு அனுப்பும்போது, அவர்கள் சொன்னதை நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். "காலையில் இது, ராத்திரி இது, இது அஞ்சு நாளைக்கு மட்டும், சரியா?" தப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

4. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் விரதம் இருப்பதானால் முதல் நாளே டாக்டரைக் கேட்கவேண்டும். திடீர் வேர்வை, நடுக்கம், பசி, வாய் குழறல், குழப்பம் வந்தால், நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுங்கள். கால் மணியில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

5. நோயாளிக்கு உரிமைகள் இருக்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் அவற்றைத் தொகுத்து ஒரு சாசனமாகவே தயாரித்தது. என்ன வியாதி, என்ன சிகிச்சை, எவ்வளவு செலவு என்று தெரிந்துகொள்வது, வேறு டாக்டரிடம் இன்னொரு அபிப்பிராயம் கேட்பது எல்லாம் அதில் உண்டு. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் கூட இருக்கவேண்டும் என்றும் கேட்கலாம். எழுதிக் கேட்டால் சிகிச்சைக் காகிதங்களின் நகலை 72 மணி நேரத்தில் கொடுக்கவேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் 2002-லேயே போட்ட விதி.

6. கூச்சத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

கடைசியாகக் கேட்டது

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னடி எழுதறே?" என்றார். சொன்னேன். தெருவில் யார் யாரைக் கேட்டேன், யார் என்ன சொன்னார்கள் என்று படித்தும் காட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இஸ்திரிக்காரர் வரைக்கும் கேட்டியே, என்னை ஒருத்தரும் கேக்கலையே?" என்றார்.

சுருக்கென்றது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருந்தவர் அவர். உயிர் பிழைத்து வந்தவர் அவர்.

"சொல்லுங்கோம்மா."

"அன்னிக்குக் காலம்பரவே உன்கிட்டே சொன்னேன். 'என்னடி, மாத்திரை ஒண்ணு கூடுதலா இருக்கே, ரெண்டு நாளாவே தலை ஒரு மாதிரி இருக்கே'ன்னு. நீ அடுப்படியிலேருந்தே, 'டாக்டர் குடுத்ததுதான், பேசாம முழுங்குங்கோ'ன்னே. நானும் முழுங்கிட்டேன்."

எனக்கு அது நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் பதில் சொல்லியிருப்பேன். இரண்டு நிமிஷம் கொடுக்கவில்லையே என்று டாக்டர்களைச் சொல்கிறோம். அன்று நான் அரை நிமிஷம்கூடக் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு என் மேல் கோபம் ஒன்றும் இல்லை. "நல்ல ஆஸ்பத்திரி, கெட்ட ஆஸ்பத்திரி எல்லாம் அப்புறம். படுத்திண்டிருக்கிறவா ஏதாவது சொன்னா, கையில இருக்கிற காரியத்தை வெச்சுட்டு ஒரு நிமிஷம் கேளு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது" என்று சொல்லிவிட்டுக் காயை ஆய ஆரம்பித்தார்.

இப்போது தினமும் காலையில் அட்டைகளை அம்மா எதிரில் வைத்து, ஒவ்வொன்றும் எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணிப் பார்க்கிறார். கணக்கு சரியாக இருந்தால்தான் தண்ணீர் டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார். ஏகாதசியன்று காலையில் இரண்டு இட்லி சாப்பிடச் சம்மதித்துவிட்டார். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று தெருமுனை டாக்டர் உறுதி சொல்லியிருக்கிறாராம்.